என்னுடையதல்லாத எட்டு கிலோமீட்டர்

மண்ணெண்ணெய் வாசனையும் புது ரொட்டி வாசனையும் ஒரே மூச்சில் உள்ளே போனால் எனக்கு வலது முழங்கை வலிக்கிறது. நேற்றுக்கூட அப்படித்தான். திருவல்லிக்கேணியில் ஒரு பேக்கரி வாசலில் யாரோ சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலை வாங்கப் போன நான், எதற்குப் போனேன் என்பதையே மறந்து அங்கே நின்றுவிட்டேன். முழங்கை வலித்தது. புதுச்சேரி வந்துவிட்டது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸில் ஞாயிறு காலைகளில் மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். சங்கம் என்று பெயர். அந்தச் சங்கத்துக்குச் சொத்தென்று இருந்தது ஒரு சவால்தான். மெட்ராஸிலிருந்து பம்பாய், அங்கிருந்து மேற்குக் கரையோடு குமரி, குமரியிலிருந்து கிழக்குக் கரையோடு மறுபடி மெட்ராஸ். முப்பது நாள். தனி ஆள். பின்சீட்டில் யாரும் ஏறக்கூடாது. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை, ஓடுகிற வண்டியின் ஹாண்டில்பாரில் வேறொருவர் கை படக்கூடாது. பட்டால் பயணம் முறிந்தது. தங்குகிற ஊரிலெல்லாம் ஓர் அதிகாரியிடம் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு முன்னால் போன இரண்டு பேரில் ஒருவர் பெல்காமில் காய்ச்சலோடு ரயிலேறினார். இன்னொருவர் எங்கே ரயிலேறினார் என்று சொல்லவே இல்லை.

நான் எதையும் முடித்தவனில்லை. சட்டப் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றது. நடத்திய பத்திரிகை மூன்று இதழ் வந்தது. கடலைப் பற்றி எழுதத் தொடங்கிய நெடும்பாட்டு இன்னும் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. புறப்படும் காலையில் என் மனைவி பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இதையாவது முடிப்பீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் கொச்சியிலேயே திரும்பியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள்.

இருபத்தேழாம் நாள் கடலூரைத் தாண்டினேன். மீதி நூற்றுச் சொச்சம் மைல். கைக்கெட்டும் தூரம் என்று நினைத்த இடத்தில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

கடலூருக்கு வடக்கே எந்த ராஜ்யத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஒரு கிராமம் புதுச்சேரிக்காரருடையது, அடுத்தது மெட்ராஸுடையது, அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. சுங்கச் சாவடிகளின் கொட்டகைகள் ஆளில்லாமல் நின்றன. ஒன்றில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு கல் எட்டு என்றது. கொஞ்ச தூரம் போனதும் அடுத்த கல் பன்னிரண்டு என்றது. முன்னால் போகப்போக ஊர் பின்னால் நகர்வதை அன்றுதான் பார்த்தேன். பிறகு புரிந்தது: ஒன்று மைல், மற்றது கிலோமீட்டர்.

இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் நிறுத்திக் கேட்டேன். "இது மெட்ராஸா, புதுச்சேரியா?"

"நீங்க நிக்கிற மரம் மெட்ராசு. அதோ அந்த மரம் பாண்டி" என்றார். "எளநி ரெண்டுலயும் ஒரே தண்ணிதான். வெட்டட்டுமா?"

அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு புது ஓசை. இருபத்தேழு நாள் ஒரே ராகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஓர் அந்நிய ஸ்வரம் ஊசி மாதிரி ஏறும். இறங்கிப் பார்த்தேன். இன்ஜினை அடியில் சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு மரையாணிகளில் ஒன்று விழுந்துவிட்டது. ஓட்டை மட்டும் என்னைப் பார்த்தது. மெதுவாக உருட்டிக்கொண்டே ஊருக்குள் போனேன்.

ஊர் மூடியிருந்தது.

பகல் பன்னிரண்டரை மணி. கடைகள் சாத்தியிருந்தன, ஜன்னல்கள் சாத்தியிருந்தன, நாய்கள்கூடக் கண்களைச் சாத்தியிருந்தன. என்ன துக்கம் என்று பயந்துவிட்டேன். எங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு சந்து எங்கே போகும் என்று அந்தச் சந்துக்கே தெரியாது; ஆனாலும் நான் வழி தவறியதில்லை. இங்கே தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகக் கடலில் போய் நிற்கிறது. இத்தனை நேர்கோடுகளுக்கு நடுவில் எனக்குத் திசை தப்பிவிட்டது. ஒரே மஞ்சள் சுவரை மூன்று முறை பார்த்தேன். அல்லது மூன்று மஞ்சள் சுவர்களோ என்னவோ.

மர நிழலில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். கையெழுத்து வேண்டுமென்று நோட்டை நீட்டினேன்.

"ஆபீசு மூடியாச்சே."

"மணி பன்னிரண்டரைதானே ஆகிறது?"

"அதனாலதான் மூடியாச்சு. மூணு மணிக்கு மேல வாங்க."

"மூணு மணி வரைக்கும் எல்லாரும் என்ன செய்வாங்க?"

"தூங்குவாங்க. நீங்களும் தூங்குங்களேன். மூஞ்சியப் பாத்தா தூங்கி ஒரு மாசம் ஆன மாதிரி இருக்கு."

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பம்பாய் வரை பொறுமையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தனியா வந்தீங்கன்னு போட்டிருக்கு. அதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நான் பாக்கலியே" என்றார். இருபத்தாறு ஊரில் யாரும் கேட்காத கேள்வி. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து, இவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன் என்று பிரெஞ்சில் எழுதி, மூன்று பத்தை பிரெஞ்சுக் கணக்கில் மணி பதினைந்து பத்து என்று குறித்து முத்திரை வைத்தார். வெளியே வந்து பார்த்தேன்: உண்மையில் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை. தூங்கி எழுந்த முகத்தோடு கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மரையாணிகளைக் கிளறினார். ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்து விரலால் திருகினார். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"எட்டு மில்லி சார். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி ஏறுது பாருங்க."

மூன்றாவது சுற்றில் முறுக்கிக்கொண்டது. ஸ்பானரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். இரும்பு முனகியது. அந்த முனகல் எனக்குக் கேட்டது. கேட்டும் பேசாமல் இருந்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். மூன்று மணி நேரத்தை ஒரு தூங்குகிற ஊரிடம் பறிகொடுத்திருந்தேன். மெட்ராஸ் மூக்கின் நுனியில் இருந்தது.

"புதுசு சார், அப்படித்தான் இறுகும்" என்றார் அவர்.

"ஆமாம்" என்றேன் நான்.

அன்று மாலை கடற்கரையில் ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். குழம்பில் இட்லியை மட்டுமல்ல, ரொட்டியையும் தோய்க்கலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்தில் தொப்பி வைத்த இரண்டு பெரியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று குழம்பு ஊற்றியவரிடம் கேட்டேன்.

"தினம் இதேதான் சார். ஒருத்தரு 'போயிடலாம்'ங்கிறாரு. இன்னொருத்தரு 'எங்க?'ங்கிறாரு."

மறுநாள் விடியும்போதே புறப்பட்டேன். கடலோரமாப் போங்க, காத்தா இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வடக்கே கரைச் சாலையைப் பிடித்தேன். முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம். மறுபடியும் புதுச்சேரி முடிந்தது, மெட்ராஸ் வந்தது, சிறிது தூரத்தில் புதுச்சேரியே திரும்ப வந்தது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டு மின்னியது. பாடலாமென்று வாயைத் திறந்தேன்.

காலாப்பட்டை நெருங்கும்போது அந்த மரையாணி விழுந்தது. ஒற்றை ஆணியில் தொங்கிய இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிற்று. சங்கிலி கழன்று பின்சக்கரத்தில் சிக்க, சக்கரம் அப்படியே நின்றது. வண்டி நின்றது; நான் நிற்கவில்லை. மணலில் வலது முழங்கையும் முழங்காலும் உரசிக்கொண்டு போய் ஒரு வலைக் குவியலில் விழுந்தேன். வானம் மிகவும் நீலமாக இருந்தது. நான் எந்த ராஜ்யத்தில் விழுந்தேன் என்று அப்போதும் யோசித்தேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள்.

"யாரு சாமி நீ? உசுரு இருக்குதா?"

"இருக்கு."

"பேசறான்டி. மெட்ராசுப் பேச்சு." ஓர் அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தார். "கூட வந்தவங்க எங்க?"

"யாரும் வரலை. தனியாத்தான் வந்தேன். பம்பாய் போய், குமரி போய்..."

"இம்மாந் தொலைவு ஒண்டியாவா? ஏன், பொண்டாட்டி வெரட்டிட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது; முழங்கை விடவில்லை. மஞ்சளும் உப்புத் தண்ணீருமாகக் கழுவி, பழந்துணியால் கட்டி, சோறும் சூடான நெத்திலிக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியபோதுதான் கால் நடுங்கத் தொடங்கியது. வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இதுக்கு அந்துவான் சொல்தாதான் ஆளு" என்றார் அந்த அம்மாளின் கணவர். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். "பட்டாளத்துல மோட்டாரு சைக்கிள்ல கடுதாசி கொண்டு போனவரு. கருவாட்டு வண்டி டவுனுக்குத்தான் போவுது. ஏத்திடலாம்."

பழுதான வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றலாம் என்று எங்கள் விதியில் இடமிருந்தது. கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே என் மோட்டார் சைக்கிள் படுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. நான் பின்னால் உட்கார்ந்து அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் காக்கைகள் எங்களைத் தொடர்ந்து வந்தன.

அந்துவானின் பட்டறை ஒரு ரொட்டிக் கடையின் பக்கச் சுவரில் சாய்த்துக் கட்டிய கீற்றுக் கொட்டகை. உள்ளே தையல் மிஷின்கள், தண்ணீர் பம்புகள், தலைகீழாக நிற்கும் சைக்கிள்கள். அறுபது வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை மீசை. என்னை அவர் பார்க்கவே இல்லை. வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். பெட்ரோல் டாங்கின்மேல் உள்ளங்கையை வைத்தார், மாட்டின் கழுத்தில் வைப்பதுபோல. பிறகு மண்டியிட்டு ஓட்டைக்குள் விரலைவிட்டு எடுத்தார். விரல் நுனியில் பொடி இரும்பு மின்னியது.

"யாரு போட்டது?"

"பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால..."

"எட்டு மில்லி போட்டானா?"

"ஆமாம்."

"ரெண்டு சுத்து தானா ஏறிச்சா? மூணாவதுக்கு ஸ்பானரு போட்டானா?"

கூடவே நின்று பார்த்தவர் மாதிரி கேட்டார். எனக்கு முகம் சூடாயிற்று.

"உங்க வண்டி இங்கிலீசு. அங்குல மரை. எங்க ஊருல எல்லாம் மில்லிமீட்டரு. தடிமன்ல ரெண்டுக்கும் ஒரு மயிரு வித்தியாசந்தான், ஆனா புரியோட இடைவெளி வேற. ரெண்டு சுத்து கூடப்பொறந்த மாதிரி போவும், மூணாவதுல கழுத்தப் புடிக்கும். இந்தத் தப்பப் பண்ணாம இந்த ஊருல எவனும் தொழில் கத்துக்கல மொசியே. நானும் பண்ணியிருக்கேன். உங்க மெட்ராசுக்காரன் பண்ணமாட்டான். அவன்கிட்ட மில்லி போல்ட்டே இருக்காது. மார்க்கெட்டுக்காரனத் திட்டாதீங்க."

"நான் யாரையும் திட்டலை" என்றேன். மொசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"ஓட்டையில மரையே இல்ல. எல்லாம் அழிஞ்சு போச்சு. பெருசாத் தொளைச்சு, பத்து மில்லிக்குப் புது மரை வெட்டணும். இங்கிலீசு வண்டிக்குள்ள ஒரு பிரெஞ்சு மரை. சம்மதமா?"

நாடுகளே அப்படிச் சம்மதித்துக்கொண்டிருக்கும்போது நான் யார் மறுக்க. தலையசைத்தேன். அன்று ரொட்டிக் கடையில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை முழுக்க அந்துவான் மரை வெட்டினார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால், ஒரு சொட்டு எண்ணெய். சுவருக்கு அந்தப்பக்கம் ரொட்டி வெந்துகொண்டிருந்தது, இந்தப்பக்கம் அவர் மண்ணெண்ணெயில் இரும்புத் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு மரையாணி கடைசிவரை விரலாலேயே ஏறி, கடைசியில் ஸ்பானரின் ஒரே ஒரு தட்டில் அமர்ந்தது. அழகான காரியம். நன்றி சொல்லி ஹாண்டில்பாரைப் பிடித்தேன்.

"நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தார் அந்துவான். "நான் ஓட்டிப் பாக்கணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நோட்டை எடுத்து விதியைப் படித்துக் காட்டினேன். வேறொருவர் கை பட்டால் இருபத்தொன்பது நாளும் வீண் என்றேன். இதுவரை நான் எதையும் முடித்ததில்லை என்பதையும், ஏனென்று தெரியாமல், சொல்லிவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கும் ஒரு விதி இருக்குது மொசியே. இந்தோசீனாவுல, ராயப்பன்னு என் கூட்டாளி. அவன் வண்டிய நான்தான் ரிப்பேரு பண்ணேன். அவசரம்னான். நான் ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன். முதல் திருப்பத்துல முன்சக்கரம் கழண்டு, அவன் போயிட்டான். அன்னையிலருந்து நான் கை வெச்ச வண்டிய நான் மொதல்ல ஓட்டாம எவன் கையிலயும் குடுக்கறதில்ல. விழுந்தா நான் விழணும்."

பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி பிரெஞ்சில் ஏதோ வெடித்தார். அந்துவான் பிரெஞ்சிலேயே திருப்பி வெடித்தார். ரொட்டிக் கடை ஆரோக்கியம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"'உன் இடுப்புக்கு இது கேக்குதா கெழவா'ங்கிறாங்க. 'என் இடுப்பு பட்டாளத்துக்குச் சொந்தம்'ங்கிறாரு. 'அப்ப பட்டாளத்துலயே போயி சாப்பிடு'ங்கிறாங்க. இதுக்கு மேல உங்ககிட்ட சொல்ற மாதிரி இல்ல."

அந்த அம்மாள் வெளியே வந்தார். பூப்போட்ட கவுன், நரைத்த கொண்டை. ஊரில் எல்லாருக்கும் அவர் மதாம். என்னிடம் தமிழில் சொன்னார்: "ராயப்பன் சாவல மொசியே. காலுதான் ஒடிஞ்சுது. காரைக்கால்ல பேரப்புள்ளைங்களோட இருக்காரு, வருசத்துக்கு ஒரு கடுதாசி வருது. இவருக்கு விதியுமில்ல மண்ணுமில்ல. ஓட்ட ஆசை. இந்த ஊருல இவ்ளோ பெரிய வண்டி இவரு கைக்கு வந்து எட்டு வருசமாச்சு."

"காலு ஒடிஞ்சா?" அந்துவானின் குரல் தாழ்ந்தது. "அதுக்கப்புறம் அவன் வண்டி ஏறினானா? ஏறலியே. அப்ப போயிட்டான்தானே?"

எது கதை, எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசையும் விதியும் ஒரே ஓட்டையில் இரண்டு சுற்று ஒன்றாகத்தான் ஏறும்போலும்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. "சரி, ஓட்டுங்க. நான் நோட்டுல எழுதலை. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது.

"எழுதாம ஓட்டறதுக்கு நான் என்ன திருடனா? நீங்க எழுதலன்னா நான் ஓட்டலன்னு ஆயிடும். ஓட்டாத வண்டிய அந்துவான் குடுத்தான்னு ஆயிடும். அதுக்கு நான் ஏன் ஓட்டணும்?"

"அப்போ நான் இப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"போங்க. யாரு புடிச்சா? என் போல்ட்டக் கழட்டிக்கிறேன், போங்க."

நான் கடற்கரைக்குப் போனேன். பன்னிரண்டு அடித்தது, முதுகுக்குப் பின்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் ஓசை. வெயிலில் கடல் தகரம்போலக் கிடந்தது. ஒரு மணி நேரம் இருந்தால் திண்டிவனம், இன்னும் மூன்று மணி நேரம் இருந்தால் மெட்ராஸ். ஒரு பிடிவாதக்காரக் கிழவர் நடுவில் நிற்கிறார். வேறு பட்டறை தேடலாம். மூன்று மணிக்குத் திறப்பார்கள். வேறொருவர் வேறொரு போல்ட்டை எடுப்பார், அது இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்...

அப்போதுதான் ஒன்றை ஒப்புக்கொண்டேன். காலாப்பட்டிலிருந்து என் கால் நடுக்கம் நிற்கவில்லை. காலையில் ஹாண்டில்பாரைப் பிடித்தேனே தவிர, அவர் நோன் என்றபோது உள்ளே எங்கேயோ ஓர் ஆறுதல். இந்த வண்டியில் எனக்கு முன்னால் யாராவது ஏறிப் போய்விட்டு உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பினேன். விதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் அந்த விருப்பம் வெளியே தெரியாமல் இருக்கத்தான். முடிக்க வேண்டும் என்ற வெறியில்தான் மார்க்கெட்டில் இரும்பு முனகியதைக் கேட்காத மாதிரி இருந்தேன். இன்னொரு முறை அப்படி இருந்தால் பயணம் முடியும். அல்லது நான் முடிவேன். இரண்டில் எது என்று கடலும் சொல்லவில்லை.

எழுந்து திரும்பினேன்.

அந்துவான் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையும் பட்டாளத்துப் பூட்ஸும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். "சட்டைய சும்மாப் போட்டுப் பாத்தேன்."

"ஓட்டுங்க. எழுதறேன்."

மதாம் உள்ளிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். வேண்டியதற்கு மேல் இறுக்கினார் என்று நினைக்கிறேன்.

"பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் ரோடு நம்முது" என்றார் அந்துவான். "கோட்டக்குப்பம் போயிட்டு வந்தா எட்டு கிலோமீட்டரு. அது போதும்." ஒரே உதையில் வண்டி பேசியது. எனக்கு எப்போதும் மூன்று உதை வேண்டும்.

இருபத்தொன்பது நாளாக அந்த ஓசையின் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். அது என்னைவிட்டு விலகிப் போவதை அன்றுதான் கேட்டேன். தூங்குகிற தெருவின் சுவரெல்லாம் அதை வாங்கி அடுத்த சுவருக்குக் கொடுத்தது. முத்தியால்பேட்டைப் பக்கம் போய்த் தேய்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

பத்து நிமிஷம். பதினைந்து. "எட்டு கிலோமீட்டருக்கு இவ்ளோ நேரமா?" என்று ஆரோக்கியம் சுவருக்கு மேலிருந்து கேட்டார். அரை மணி ஆயிற்று. மதாம் தெருமுனைக்குப் போய் நின்றார். நானும் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எழுத வெச்சிட்டாருன்னு அவரு மேல கோவமா?"

"இல்லை. பயமாயிருக்கு."

"எனக்கும்தான். அவரு போன வேகத்துக்கு இல்ல. திரும்பி வந்து, இந்த வண்டியும் போனப்புறம் நாளைக்கு என்ன செய்வாரோன்னு."

முக்கால் மணி நெருங்கும்போது காற்றில் அந்த ஓசை. என் ராகம், ஒரு ஸ்வரமும் பிசகவில்லை. அந்துவான் முனையில் சாய்ந்து திரும்பிய விதத்தைப் பார்த்து, இந்த வண்டியை இத்தனை நாள் நான் ஓட்டவே இல்லை, சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்று தோன்றியது. இறங்கியதும் அவர் முகத்தில் தூசியும் கண்ணீரும் கலந்து கோடாக இருந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்?" மதாம் தமிழிலேயே கேட்டார்.

"கோட்டக்குப்பத்துல நிறுத்தி போல்ட்டக் கழட்டி மரையப் பாத்தேன். நல்லாயிருந்துது. திருப்பிப் போட்டேன்." கழுத்துத் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "ஒரு டீ குடிச்சேன்" என்றார்.

நோட்டைத் திறந்தேன். பம்பாய், கொச்சி, குமரி முத்திரைகளுக்குக் கீழே எழுதினேன்: புதுச்சேரியிலிருந்து கோட்டக்குப்பம் போய்த் திரும்பியது, எட்டு கிலோமீட்டர், வண்டியை ஓட்டியவர் அந்துவான். முற்றுப்புள்ளி வைத்ததும் சங்கத்தின் சவால் முறிந்தது. நாளை இதே நோட்டை அவர்கள் முன்னால் விரித்து வைக்க வேண்டும், வீட்டிலும் சொல்ல வேண்டும். வருத்தமாகத்தான் இருந்தது. அது இல்லை என்று அழகாக எழுத எனக்கு வரும், எழுதப்போவதில்லை. அந்துவான் நோட்டை வாங்கி, என் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து, கீழே பட்டாளப் பதவியோடு கையெழுத்துப் போட்டார். பத்து மில்லிக்கான ஸ்பானரைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார். மெட்ராஸில் கிடைக்காதாம்.

மதாம் ஒரு நீள ரொட்டியைப் பின்சீட்டில் கட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் நடுக்கம் நின்றிருந்தது. அந்துவான் ஹாண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராசுல கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"எட்டு கிலோமீட்டர் வேறொருத்தர் ஓட்டினார்னு சொல்வேன்."

"எப்படி ஓட்டினாருன்னு கேட்டா?"

"என்னைவிட நல்லா ஓட்டினார்னு சொல்வேன்."

அவர் என் பையைக் காட்டினார்.

"அத நீங்க எழுதலியே மொசியே. எடுங்க நோட்ட. அதையும் எழுதிட்டுப் போங்க."